தகட்டின் பிடிவாதம்

காரின் கதவுத் தகட்டை அழுத்தித் தந்த டை என்னும் எஃகு அச்சை இடம் இடமாக அளந்து பார்த்தால், அது கதவோடு பொருந்தாது. சில இடங்களில் வளைவு கூடுதலாக இருக்கும். சில இடங்களில் கோணம் இரண்டு மூன்று டிகிரி தள்ளியிருக்கும். செய்தவரின் கை பிசகவில்லை. வேண்டுமென்றே அப்படிச் செதுக்கியிருக்கிறார். அச்சு எப்படியோ பொருளும் அப்படியே என்பது களிமண்ணுக்குச் சரி, எஃகுத் தகட்டுக்குச் சரிவராது. அழுத்தம் விலகியதும் தகடு தன் பழைய நிலையை நோக்கிக் கொஞ்சம் திரும்பும். எவ்வளவு திரும்பும் என்று முன்பே கணித்து, அந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து வைத்த வடிவம்தான் டை. அதனால்தான் டை செய்கிறவரை வெறும் கடைசல்காரராக என்னால் நினைக்க முடிவதில்லை. உலோகம் அடுத்து என்ன செய்யும் என்பதை அவர் எஃகில் எழுதி வைக்கிறார்.

வெட்டுவதிலிருந்து தொடங்கலாம். மேலே பஞ்ச், கீழே துளையுள்ள டை, நடுவில் தகடு. பஞ்ச் இறங்கினால் வில்லை கீழே விழுகிறது. பார்வைக்கு இது கத்திரி வேலை. ஆனால் அங்கே வெட்டு பாதிதான், மீதி முறிவு. ஒரு வாஷரை எடுத்து அதன் விளிம்பை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். ஓரம் சற்றே உருண்டிருக்கும். அதையடுத்து பளபளப்பான ஒரு பட்டை, அதற்கப்பால் மங்கிய சொரசொரப்பு, கடைசியில் விரலை உறுத்தும் பிசிறு. பஞ்ச் உண்மையில் வெட்டியது அந்தப் பளபளப்பான பட்டையை மட்டும்தான். தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் தகடு தாங்காமல் விரிசல் விடுகிறது. பஞ்சின் முனையிலிருந்து ஒரு விரிசல் கீழ்நோக்கி ஓடும். டையின் முனையிலிருந்து ஒன்று மேல்நோக்கி ஓடும். இரண்டும் வழியில் சந்திக்க வேண்டும்.

சந்திக்க வைப்பது பஞ்சுக்கும் டைக்கும் இடையே விடும் இடைவெளி. பட்டறையில் இதைக் கிளியரன்ஸ் என்பார்கள். சாதாரண எஃகுக்குப் பக்கத்துக்குத் தடிமனில் 5 முதல் 10 சதவீதம் வரை விடுவது வழக்கம். ஒரு மில்லிமீட்டர் தகடு என்றால் தலைமுடியின் தடிமன்தான் இடைவெளி. அது குறைந்தால் விரிசல்கள் ஒன்றையொன்று தவறவிட்டு விலகி ஓடும். பஞ்ச் மறுபடி வெட்ட வேண்டியிருக்கும், முனை சீக்கிரம் தேயும். கூடினால் தகடு இடைவெளிக்குள் இழுபட்டுப் பெரிய பிசிறு விடும். இன்னொரு நுட்பமும் உண்டு. தகட்டில் விழும் துளை பஞ்சின் அளவுக்கு வரும்; கீழே விழும் வில்லை டைத் துளையின் அளவுக்கு வரும். நமக்கு வேண்டியது துளையா வில்லையா என்பதைப் பொறுத்து, இடைவெளியை எந்தப் பக்கம் விடுவது என்று தீர்மானிக்க வேண்டும்.

எஃகுத் தகட்டிலிருந்து ஒரு ரூபாய் நாணய அளவில் ஒரு வில்லையை வெட்டவே டன் கணக்கில் விசை வேண்டும். அந்த விசை இறங்கும் இடத்தில்தான் ஆபரேட்டரின் கை தகட்டை வைத்து எடுக்கிறது. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இயங்கும் பொத்தான்களும், கை குறுக்கே வந்தால், பஞ்சை இறக்கும் ப்ரெஸ் இயந்திரத்தை நிறுத்தும் ஒளித்திரையும் நெடுங்காலமாக இருக்கின்றன. ஆனாலும் ப்ரெஸ்ஸில் விரலை இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் இந்தத் தொழிலை வியக்க எனக்கு மனம் வரவில்லை. கை உள்ளே போகத் தேவையே இல்லாதபடி டையை வடிவமைப்பதும் டை செய்கிறவரின் திறமையில் சேர்ந்ததுதான்.

கோயம்புத்தூரின் பம்புகளுக்கும் கிரைண்டர்களுக்கும் உள்ளே இருக்கும் மோட்டாரைப் பிரித்தால், அதன் இரும்பு ஒரே கட்டியாக இருக்காது. கட்டியாக இருந்தால் சுழல் மின்னோட்டம் அதைச் சூடாக்கி ஆற்றலைத் தின்றுவிடும். அதனால் சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள சிலிக்கன் எஃகுத் தகடுகளை வெட்டி அடுக்குகிறார்கள். அந்தத் தகடுகளுக்கே ஸ்டாம்பிங் என்றுதான் பெயர். வேகமாக வெட்டும் இடங்களில் இது ஒரே டைக்குள் பல நிலைகளாக நடக்கிறது. தகட்டுச் சுருள் ஒவ்வொரு அடிக்கும் ஒரு படி முன்னே நகரும். முதல் நிலையில் வழிகாட்டும் துளைகள் விழும். அடுத்தடுத்த நிலைகளில் பைலட் பின்கள் அவற்றில் இறங்கித் தகட்டைச் சரியான இடத்தில் நிறுத்தும். ஒரு நிலையில் உள்ளே சுழலும் ரோட்டார் விழும். அது விழுந்த வட்டத்தைச் சுற்றியே பிறகு அசையாமல் நிற்கும் ஸ்டேட்டார் வெட்டப்படும். தகடு வீணாகாது. நிமிடத்துக்குச் சில நூறு அடிகள் இப்படி விழுகின்றன. பஞ்சுக்கும் டைக்கும் இடையே 0.025 மில்லிமீட்டர் அளவில்தான் இடைவெளி.

அப்படி அடிவாங்கும் டையின் எஃகை எப்படிச் செதுக்கினார்கள்? பட்டறைகளில் டி2 என்று வழங்கும் எஃகில் சுமார் 1.5 சதவீதம் கார்பனும் 12 சதவீதம் குரோமியமும் இருக்கும். மென்மையாக இருக்கும்போதே வடிவம் கொடுத்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கடினமாக்குவார்கள். கடினமாகும்போதே அளவும் கொஞ்சம் மாறிவிடும். இதற்கு வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சோவியத் ஒன்றியத்தில் போரிஸ் லாசரென்கோ, நடாலியா லாசரென்கோ தம்பதியர் ஆராய்ந்தது வேறொன்றை. மின்தொடர்பு முனைகளைத் தீப்பொறி அரிக்கிறதே, அதை எப்படித் தடுப்பது என்று பார்த்தார்கள். எண்ணெயில் மூழ்கடித்தபோது அரிப்பு ஒழுங்குக்கு வந்தது. தடுக்க நினைத்ததைக் கருவியாக்கினார்கள். 1943இல் தீப்பொறியால் உலோகத்தைச் செதுக்கும் முறை பிறந்தது. இன்று கால் மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி, தண்ணீருக்குள், எஃகைத் தொடாமலேயே பொறியால் அதை அறுத்துச் செல்கிறது. எஃகு எவ்வளவு கடினம் என்பது பொறிக்கு ஒரு பொருட்டே இல்லை. முதலில் கடினமாக்கிவிட்டுப் பிறகு வெட்டலாம்.

வெட்டுவதைவிடக் கடினம் இழுப்பது. எவர்சில்வர் டம்ளருக்கு ஒட்டு கிடையாது. ஒரு தட்டையான வட்டம்தான் டம்ளராகிறது. 7 சென்டிமீட்டர் விட்டமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள நேரான டம்ளருக்கு, பரப்பைக் கணக்கிட்டால், சுமார் 18 சென்டிமீட்டர் வட்டம் தேவை. அந்தப் பெரிய வட்டத்தின் விளிம்பு முழுவதும் சுருங்கிச் சின்ன வட்டத்துக்குள் போக வேண்டும். விட்டால் தகடு சேலைக் கொசுவம்போல் மடிப்பு விழும். மடியாமல் இருக்க, பிளாங்க் ஹோல்டர் என்னும் வளையம் விளிம்பை அழுத்திப் பிடிக்கிறது. அளவுக்கு மீறிப் பிடித்தாலோ, தகடு நகர முடியாமல் அடிமூலையில் கிழிந்துவிடும். கிழிசலுக்கும் மடிப்புக்கும் இடையே உள்ள குறுகலான வழியில்தான் வேலை நடக்கிறது. ஒரே இழுப்பில் வட்டத்தின் விட்டத்தை ஏறத்தாழ பாதியாகத்தான் குறைக்க முடியும். கணக்குப்படி, அப்போது கிடைக்கும் கிண்ணத்தின் உயரம் அதன் விட்டத்தில் முக்கால் பங்கு. டம்ளர் உயரம் வேண்டுமென்றால் இன்னொரு டையில் மறுபடி இழுக்க வேண்டும்.

வீட்டில் ஒரு காந்தம் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். நிக்கல் கலந்த எவர்சில்வர் தகடு காந்தத்தில் ஒட்டாது. ஆனால் அதை இழுத்துச் செய்த பாத்திரத்தில், அடிப்பாகத்தைவிட விளிம்புப் பக்கம் காந்தம் லேசாக இழுபடுவதை உணரலாம். அதிகம் உருமாறிய இடத்தில் எஃகின் அணு அடுக்கே மாறி, மார்ட்டென்சைட் என்ற கடினமான, காந்தத்துக்கு வசப்படும் அமைப்பு உருவாகிவிடுகிறது. டை எங்கே அதிகம் பிழிந்தது என்பதற்கான வரைபடம் பாத்திரத்திலேயே பதிந்திருக்கிறது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த சில வகைகளில், இழுத்து முடித்து எடுத்து வைத்த பாத்திரம் மணிக்கணக்கோ நாள்கணக்கோ கழித்துத் தானாகவே விளிம்பில் விரிசல் விடுவதும் உண்டு.

கதவுத் தகடு திரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். தகட்டை வளைக்கும்போது வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் நெருங்குகிறது. இரண்டும் நிரந்தரமாக மாறிவிடும். ஆனால் எல்லா இடத்திலும் கொஞ்சம் மீள்தன்மை மிச்சமிருக்கும். அழுத்தம் போனதும் அது வளைவைப் பின்னுக்கு இழுக்கும். எஃகின் வலிமை கூடக் கூட இந்தத் திருப்பமும் கூடும். அலுமினியத்தின் விறைப்பு எஃகினுடையதில் மூன்றில் ஒரு பங்குதான். எனவே அதே வலிமையில் அது சுமார் மூன்று மடங்கு திரும்பும். இன்று இதையெல்லாம் கணினியில் கணக்கிட்டுவிட்டுத்தான் டையை வெட்டுகிறார்கள். அப்படியும் வேலை முடிவதில்லை. டையில் நீல மையைப் பூசித் தகட்டை அழுத்தி, மை எங்கே ஒட்டியது, எங்கே ஒட்டவில்லை என்று பார்த்து, கையால் கல் போட்டுத் தேய்த்துச் சரிசெய்யும் ஆள் இன்றும் தேவைப்படுகிறார்.

கார்கள் பாதுகாப்பாக வேண்டும், எடையும் குறைய வேண்டும் என்றபோது எஃகின் வலிமை ஏறியது. திருப்பமும் கட்டுக்கடங்காமல் போனது. இதற்கு ஸ்வீடனில் ஒரு வழி கண்டார்கள். 1970களில் அங்கே காப்புரிமை பெற்ற முறையை 1984இல் சாப் நிறுவனம் காரில் பயன்படுத்தியது. போரான் கலந்த எஃகை 900 டிகிரிக்கு மேல் செக்கச்சிவக்கக் காய்ச்சி, சில நொடிகளுக்குள் டைக்குள் தள்ளி மூடுகிறார்கள். டையின் உடம்புக்குள் தண்ணீர் ஓடும். வடிவம் கொடுத்த டையே தகட்டைக் குளிரவைத்து, சில நொடிகள் விடாமல் பிடித்திருக்கும். முழுத் தகடும் மார்ட்டென்சைட்டாகிறது. வலிமை 1500 மெகாபாஸ்கல் வரை போகிறது, காய்ச்சும் முன் இருந்ததைப் போல இரண்டரை மடங்கு. டைக்குள்ளேயே உருமாறி முடிந்துவிடுவதால் திருப்பம் மிகவும் குறைவு.

ஆனால் அவ்வளவு கடினமான தகட்டின் ஓரத்தை வழக்கமான டையால் நறுக்கப் போனால் டைதான் தேய்கிறது. பெரும்பாலும் லேசரால்தான் வெட்டுகிறார்கள். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே நிற்கும் தூணில் இன்னொரு நுட்பம் செய்கிறார்கள். டையின் ஒரு பகுதியில் தண்ணீருக்குப் பதில் ஹீட்டரை வைத்து, 400 டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்திருப்பார்கள். அங்கே தகடு மெதுவாக ஆறுவதால் முழுக்கக் கடினமாகாது. ஒரே தகட்டில் அடித்த அந்தத் தூணின் மேற்பகுதி மோதலில் வளையாமல் பயணியின் தலையையும் மார்பையும் காக்கும். கீழ்ப்பகுதி மடிந்து மோதலின் ஆற்றலை வாங்கிக்கொள்ளும்.