மிளகை ஈரத்தோடு விற்காதீர்

கெட்டுப்போன டின் இறைச்சியை அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள் என்று படித்தால், அது கடைக்காரர் பாடு என்று விட்டுவிடுகிறோம். அதே சட்டம் மிளகு மூட்டைக்கும் பூட்டுப் போடும். கொட்டச்சேடு போன்ற சேர்வராயன் மலைக் கிராமங்களில் காபித் தோட்டத்து மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருப்போர் இதை அறிந்திருப்பது நல்லது.

2012 டிசம்பரில் கொச்சிக் கிடங்குகளில் இருந்த 6,000 டன்னுக்கு மேற்பட்ட மிளகுக்கு, உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சீல் வைத்தனர். உண்ணத் தகாத தாது எண்ணெய் அதில் கலந்திருப்பதாகக் கண்டதே காரணம். பூஞ்சணம் பிடிக்காமலிருக்கவும், பழைய மிளகு கறுத்துப் பளபளக்கவும் இந்த எண்ணெயைப் பூசுவதுண்டு.

சட்டம் சொல்வது என்ன?

2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்டு 5 முதல் நடைமுறையில் உள்ளது. அதிகாரி மாதிரி எடுத்தால் அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும். மாதிரியை நான்கு பாகமாக்கி முத்திரையிட வேண்டும். ஆய்வாளரின் முடிவை எதிர்த்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

தோட்டத்தில் விவசாயி விளைவித்த பொருளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 18-வது பிரிவு கூறுகிறது. ஆனால் மிளகு வியாபாரி கைக்கு மாறியதும் சட்டம் வந்துவிடும். வீட்டில் பொடியாக்கிப் பொட்டலமிட்டு விற்றாலும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

ஈர மிளகு எடை கூடும் என்று அவசரப்பட்டு விற்பதே தொல்லையின் தொடக்கம். ஈரத்தால் பூஞ்சணம்; அதை மறைக்க எண்ணெய். சரக்கு பிடிபட்டால் மண்டியில் விலை விழும். அந்த நஷ்டம் கடைசியில் நம் தலையில்தான் விடியும்.

பறித்து உதிர்த்த மிளகைக் கூடையிலிட்டு, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். எண்ணெயில்லாமலே நல்ல கறுப்பு நிறம் வரும், சீக்கிரம் காயும். மண் தரையில் போடாமல் சிமெண்டுக் களத்திலோ சுத்தமான பாயிலோ பரப்புங்கள். மலைப் பனி இறங்குமுன் மாலையில் வாரி மூடிவிடுங்கள். ஈரம் 10 முதல் 11 சதவீதத்துக்கு வரும்வரை காய்ச்சல் வேண்டும். 100 கிலோ பச்சை மிளகுக்கு, ரகத்தைப் பொறுத்து, ஏறக்குறைய 33 கிலோ தேறும். அதற்கு வெகுவாக மிஞ்சினால் ஈரம் போகவில்லை என்று கொள்ளலாம்.

உரச் சாக்கில் மிளகைக் கட்டாதீர்கள். புதுச் சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். நன்றாகக் காய்ந்த மிளகுக்கு எந்தப் பூச்சும் தேவையில்லை.