எச்.ஐ.வி. மருந்தை முடக்கும் சத்து மாத்திரை! பெண்களே, நேரம் பார்த்து விழுங்குங்கள்

பள்ளத்தூர்-

பள்ளத்தூரானாலும் பட்டணமானாலும் கதை ஒன்றுதான். எச்.ஐ.வி. உள்ள பெண், மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறாள். மாமியார் கேட்டால், "சத்து மாத்திரை அத்தே!"

வேடிக்கை என்னவென்றால், அந்த மருந்துக்கு எமனாக வருவதே நிஜமான சத்து மாத்திரைதான்.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தபோது, கொடுக்க மருந்தே கிடையாது. 2004 ஏப்ரல் 1-ந்தேதி அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தது. தாம்பரம் ஆஸ்பத்திரி முதல் மையங்களில் ஒன்று. இன்று பெரும்பாலானோருக்கு தினம் ஒரே மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் அதற்குள் அடக்கம்.

"ஒண்ணுதானே, சுலபம்" என்று நினைத்தால் தப்பு.

மூன்று டாக்டர், மூன்று சீட்டு

ரத்த சோகைக்கு ஒருவர் இரும்புச் சத்து எழுதுவார். எலும்பு தேய்மானத்துக்கு இன்னொருவர் கால்சியம். சர்க்கரைக்கு மூன்றாமவர் மெட்ஃபார்மின். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று அவளும் வாய் திறப்பதில்லை.

வெறும் வயிற்றில் இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடு இதையும் சேர்த்து விழுங்கினால், டோலுடெகிராவிர் வயிற்றிலேயே அவற்றோடு ஒட்டிக்கொள்ளும். ரத்தத்தில் சரியாக ஏறாது. ஒரு நாள் தவறாமல் மருந்து சாப்பிட்டும் கிருமி தலைதூக்கலாம். மருந்துக்கு மசியாத கிருமியாகவும் மாறலாம். பாவம், அவள் மேல் என்ன தப்பு?

சாப்பாட்டோடு என்றால் மூன்றையும் ஒன்றாகவே போடலாம். வெறும் வயிறு என்றால், எச்.ஐ.வி. மாத்திரையை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் கழித்தோ போட வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மக்னீசியம் கலந்த மருந்துக்கு இந்தச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது. எப்போதும் 2, 6 மணிக் கணக்குதான்.

மெட்ஃபார்மின் விஷயம் நேர்மாறு. அது ரத்தத்தில் கூடிப்போகும். டாக்டர் அளவைக் கட்டுப்படுத்த வேண்டும். டி.பி.க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கு டோலுடெகிராவிர் தினம் இரண்டு வேளை தேவை. கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் வலி மாத்திரையோ, டெனோஃபோவிரோடு சேர்ந்து கிட்னியைப் பதம் பார்க்கலாம்.

சட்டம் உண்டு, ஆனால்...

2017-ம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10-ந்தேதி அமலுக்கு வந்தது. எச்.ஐ.வி. என்று சொல்லி சிகிச்சை மறுக்கக் கூடாது. சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லவும் கூடாது. சரிதான். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் நாலு பேர் நிற்கும்போது, "இது எதுக்கும்மா?" என்று உரக்கக் கேட்டால் எந்தப் பெண் பதில் சொல்லுவாள்?

மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் அந்தப் பயம் இல்லை. அங்கே எல்லாம் தெரிந்த விஷயம். அடுத்த முறை போகும்போது எல்லாச் சீட்டையும், மாத்திரை அட்டைகளையும் மேஜையில் கொட்டிக் காட்டி, எது எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். அதுவரை எந்த மாத்திரையையும் தானாக நிறுத்த வேண்டாம். சந்தேகம் கேட்க இலவச போன்: 1097.