இரவு பத்து மணிக்கும் சுடும் தளம்

மே மாதத்தில் மாலை ஐந்து மணிக்குத் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பெண்கள் இடுப்பில் குடத்தோடு மொட்டைமாடி ஏறுவார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகவில்லை, தளத்துக்கு ஊற்றப் போகிறார்கள். திருவொற்றியூரில் இருக்கும் என் அத்தை பல வருடங்களாக இதைச் செய்கிறார். லாரித் தண்ணீருக்கு வரிசையில் குடம் வைக்கும் தெருவில், தளத்துக்கு நாலு குடம் ஊற்றுவது சின்னச் செலவில்லை. கேட்டால், "ஊத்தலன்னா நைட்டு புள்ளைங்க தூங்காதுங்க" என்பார்.

அத்தைக்குக் கையால் தெரிந்ததைக் கண்ணால் காட்ட ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் தெர்மல் கேமரா. கொரோனா காலத்தில் கடை வாசலில் நம் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டினார்களே, அதன் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெற்றிக் கருவி ஓரிடத்தின் வெப்பத்தை மட்டும் சொல்லும். இந்தக் கேமரா ஒரே நொடியில் ஆயிரக்கணக்கான புள்ளிகளின் வெப்பத்தை அளந்து படமாக்கிவிடும். எல்லாப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகிறது. அது நம் கண்ணுக்குத் தெரியாது. 1800இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த அந்தக் கதிரைத்தான் கேமரா பிடிக்கிறது. சூடான இடம் மஞ்சளாகவும் வெள்ளையாகவும் தெரியும், குளிர்ந்த இடம் நீலமாகத் தெரியும். கும்மிருட்டிலும் வேலை செய்யும்.

குளிர் நாடுகளில் வீட்டுக்குள் மூட்டிய சூடு எந்த ஜன்னல் இடுக்கில் வெளியே ஓடுகிறது என்று பார்க்க இதைப் பயன்படுத்துகிறார்கள். நமக்கு வேண்டியது தலைகீழ்க் கணக்கு. வெளியே உள்ள சூடு எந்த வழியாக உள்ளே வருகிறது? மாடி மேல் மாடியில்லாத கான்கிரீட் வீட்டில் பதில் பெரும்பாலும் தலைக்கு மேலேயே இருக்கும். நான்கைந்து அங்குலத் தளம் காலையிலிருந்து வெயிலைக் குடிக்கிறது. கோடையில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொட்டுவிடும். அந்தச் சூடு கான்கிரீட்டைக் கடந்து அடிப்பக்கம் வரச் சில மணி நேரம் ஆகும். வெளியே காற்று குளிரத் தொடங்கும்போதுதான் உள்ளே தளம் அனலைக் கக்கத் தொடங்குகிறது. இரவில் அப்படிப்பட்ட அறையைப் படம் பிடித்தால் சுவர்கள் மங்கித் தெரியும், தளம் மட்டும் பளிச்சென்று எரியும். 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் நம் மேல் தள்ளிக்கொண்டிருக்கிறது.

தாங்க முடியாதவர்கள் தவணையில் ஏ.சி. வாங்குகிறார்கள். 2016இலிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். தளம் உள்ளே விடும் வெப்பத்தை வெளியே தள்ளவே அந்த யூனிட்டுகளில் பெரும்பங்கு செலவாகிறது.

இதைச் சொன்னால் சிலர் உடனே, "பழைய ஓலைக் குடிசைதான் குளிர்ச்சி" என்பார்கள். குடிசையில் வாழாதவர்களின் பேச்சு அது. 1921இல் பி அண்ட் சி மில் வேலைநிறுத்தத்தின்போது இதே வடசென்னையின் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் நூற்றுக்கணக்கில் எரிந்தன. ஓலை எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பது நம் மக்களுக்குத் தெரியும். 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்ததும், ஊர்களில் தொகுப்பு வீடுகள் வந்ததும் நாம் கேட்டு வாங்கியவை. கான்கிரீட்டை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. நல்ல கான்கிரீட் கூரை கேட்கச் சொல்கிறேன்.

ராயபுரத்தின் பழைய வணிகர் வீடுகளில் 'மெட்ராஸ் டெரஸ்' பார்த்திருப்பீர்கள். தேக்கு உத்திரம், அதன்மேல் நெருக்கி அடுக்கிய செங்கல், சுண்ணாம்பு, மேலே தட்டோடு. கனமான கூரை. கான்கிரீட் வந்த பிறகும் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுர்க்கி போட்டுத் தட்டோடு பதிப்பது வழக்கமாக இருந்தது. நான் பார்த்த தொகுப்பு வீடுகள் பலவற்றில் அது இல்லை. ஒதுக்கிய தொகைக்குள் வீட்டை முடிக்க வேண்டும் என்றால் முதலில் கைவைப்பது அதில்தான்.

நிழலை மறுப்பது நம் ஊரில் புதிதில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். அவற்றில் ஒன்று, வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்பும் போடக் கூடாது என்பது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். இன்று அப்படி யாரும் சட்டம் போடுவதில்லை. விதிகளே நம்மைப் பார்க்காமல் தாண்டிப் போகின்றன. வீடுகளுக்கான ஆற்றல் சேமிப்பு நெறிமுறையாக 2018இல் மத்திய அரசு 'எகோ நிவாஸ் சம்ஹிதா'வை வெளியிட்டது. கூரை எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்று அதில் வரம்பு உண்டு. வெறும் கான்கிரீட் தளம் அந்த வரம்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விடும். ஆனால் அந்த நெறிமுறை 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான். அதாவது 12 சென்ட்டுக்கு மேல்! இரண்டு, மூன்று சென்ட் பட்டாவில் நிற்கும் காலனி வீட்டுக்கு அதில் இடமே இல்லை.

எண்ணூரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டாலும், வடசென்னை, வல்லூர் நிலையங்கள் பக்கத்திலேயே ஓடுகின்றன. எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி புகையோடும் சுடுநீரோடும் போகிறது. சுடுநீர் ஆற்றில் கலக்கிறது என்று மீனவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். அவ்வளவு இழப்புக்குப் பிறகு கிடைக்கும் மின்சாரம், அதே ஊரின் தளம் விட்ட சூட்டை விரட்டப் போகிறது.

வழி இல்லாமல் இல்லை. தளத்துக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் சூடு இறங்கும். அம்பத்தூரில் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். தெலங்கானா 2023இல் கொள்கையே அறிவித்து, அரசு கட்டித்தரும் ஏழைகளின் குடியிருப்புகளுக்குக் குளிர்கூரையைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. வரவேற்போம். அதே கையோடு கூரைக்கும் பணம் ஒதுக்கலாம். எண்ணூருக்கு மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி: நிலக்கரித் தூசியும் சாம்பலும் படியும் ஊரில் வெள்ளைத் தளம் எத்தனை மாதம் வெள்ளையாக இருக்கும்? கழுவவும் மறுபடி பூசவும் பணம் யார் தருவது? தூசியைக் கிளப்புகிறவர்கள் தரட்டும் என்பது என் கருத்து.

கேமராவும் ஏமாற்றும். பளபளக்கும் புதுத் தகரத்தைப் படம் பிடித்தால் குளிர்ந்திருப்பதாகக் காட்டும், ஏனென்றால் அது வானத்தைப் பிரதிபலிக்கிறது. தகரத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அந்த இடத்தில் அளக்க வேண்டும். செயற்கைக்கோள் படங்களிலும் கவனம் தேவை. 2013இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 8இன் வெப்பப் படத்தில் ஒரு கட்டம் 100 மீட்டர். ஊர்த்தெருவின் புளியமரமும் காலனியின் தகரமும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடலாம். அந்தச் செயற்கைக்கோள் கடப்பதும் முற்பகலில்தான், நாம் புழுங்குவதோ இரவில்.

கேமராவுக்குக் காசில்லாத மாணவர்கள் கடையில் ஒரே மாதிரி இரண்டு வெப்பமானி வாங்குங்கள். ஒன்றைச் சுர்க்கி போட்ட வீட்டிலும் மற்றதைப் போடாத தொகுப்பு வீட்டிலும், தளத்துக்கு ஒரு முழம் கீழே தொங்க விடுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு பத்து மணிக்கும் ஒரு வாரம் குறித்து வையுங்கள். ஏப்ரல் கடைசி வாரத்தில் தொடங்கினால் சரியாக இருக்கும். மே 1ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. அந்தத் தாளை அங்கே வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.