பச்சோந்தியைப் பேணுதல்

காலையில் ஒரு கட்சியிலும் மாலையில் மற்றொரு கட்சியிலும் நிற்பாரை உலகம் ‘பச்சோந்தி’ என ஏசுகின்றது. அப்பிராணி ஒன்றை ஒருமுறை வளர்த்து, என் அறியாமையால் அதனைச் சாகவிட்டவன் யான். ஆதலின், அவ்வசை அதற்குப் பொருந்தாது என்று கூறும் கடமை எனக்குண்டு. கனடாவில் வாழும் பழைய மாணவ நண்பர் ஒருவர், தம் மகள் பச்சோந்தி வளர்க்க விரும்புவதாகவும், முதன்முதல் வளர்ப்போர் அறியத்தக்கவை யாவை என்றும் அண்மையில் வினவினார். அவருக்கு எழுதிய விடையே இக்கட்டுரையாக விரிந்தது.

முதலில் ஓர் ஐயத்தை நீக்குவோம். சம்மாந்துறையின் வேலிகளிலே கழுத்துச் சிவக்கத் தலையசைத்து நிற்பது ஓணான், அதனைத் தகரப்பேணியில் அடைத்து, “சேர், பச்சோந்தி!” என்று மாணவர் கொணர்வதுண்டு. உண்மைப் பச்சோந்தியின் உடல் பக்கவாட்டில் தட்டையானது, வால் சுருளும், பாதங்கள் குறடுபோற் கிளையைப் பற்றும், கண்ணிரண்டும் தனித்தனியே சுழலும், நாவோ உடலின் நீளத்தையும் விஞ்சிப் பாயும். உலகிலுள்ள இருநூற்றுக்கு மேற்பட்ட இனங்களுள் ஏறக்குறைய அரைவாசி மடகாஸ்கர் தீவுக்குரியவை. இலங்கையில் உள்ளது ஓரினமே. இந்தியாவிலும் அது வாழ்கின்றது. 1768இல் அதனை விவரித்த லோரென்டி என்னும் அறிஞர், இலங்கையின் பெயராலேயே அதற்குப் பெயரிட்டார். நம் நாட்டின் வறண்ட வலயமே அதன் இருப்பிடம்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், மன்னாரைச் சேர்ந்த அறைத்தோழர் விடுமுறை கழிந்து திரும்பும்போது ஒரு பச்சோந்தியைக் கொணர்ந்தார். கம்பிவலைப் பெட்டியில் அதனை இட்டு, சிரட்டை நிறைய நீரும் வைத்தேன். வெட்டுக்கிளியும் பிடித்துக் கொடுத்தேன். நாளடைவில் அதன் கண்கள் குழிந்தன. தோல் சுருங்கிக் கருத்தது. உணவை அது நோக்கவுமில்லை. பன்னிரண்டாம் நாட் காலை, நீர் ததும்பும் சிரட்டையின் அருகே அது தாகத்தால் இறந்து கிடந்தது. தேங்கிய நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் நீரென அறியாது. இலைமேல் ஒளிரும் பனித்துளியையும் மழைத்துளியையுமே நக்கிக் குடிக்கும். இதனை யான் பின்னரே கற்றேன். காலையும் மாலையும் இலைகளின்மேல் நீர் தெளித்திருந்தால் அது பிழைத்திருக்கலாம்.

ஆகவே, வளர்ப்போர்க்கு முதல் விதி நீர் தெளித்தல். இரண்டாவது, காற்றோட்டம். கண்ணாடிப் பெட்டியிற் காற்றுத் தேங்கும். உயரமான வலைக்கூடே ஏற்றது. அதனுள் இலையடர்ந்த செடியும் குறுக்கும் நெடுக்குமாகக் கிளைகளும் வேண்டும். மூன்றாவது, வெயில். குளிர்காயவும் நிழலில் ஒதுங்கவும் இடமிருத்தல் அவசியம். குளிர்நாடுகளிலே வெப்பவிளக்கோடு புறஊதாக்கதிர் விளக்கும் வேண்டும். அக்கதிரின்றேல் உடலில் விற்றமின் டி உண்டாகாது, எலும்பு வளையும். நான்காவது, உணவு. உயிருள்ள பூச்சிகளையே அது உண்ணும். அவற்றின்மேற் சுண்ணச்சத்துத் தூளைத் தூவிக் கொடுத்தல் நன்று. ஐந்தாவது, தனிமை. ஒரு கூட்டில் இரண்டை வைத்தல் இரண்டிற்கும் கேடு. கையில் ஏந்திக் கொஞ்சுவதையும் அது விரும்பாது. பெண்ணாயின், ஈரமண் நிறைந்த பாத்திரமும் வைத்தல் வேண்டும். ஆணோடு கூடாமலும் முட்டையிடும் இனங்களுண்டு. மண் தோண்ட இடமின்றேல் முட்டை வயிற்றிலேயே தங்கி உயிரைப் போக்கும்.

இனி நிறத்துக்கு வருவோம். சுற்றுப்புறத்தை ஒத்து மறைவதற்காகவே அது நிறம் மாறுகின்றது என்பது பெருவழக்கான தவறு. வெப்பமும் குளிரும், அச்சமும் சினமும், துணைநாட்டமுமே பெரும்பாலும் நிறமாற்றத்துக்குக் காரணம். ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடகாஸ்கர் இனமொன்றை ஆராய்ந்து 2015இல் இதன் நுட்பத்தை விளக்கினர். தோலின் உயிரணுக்களிலே குவானின் என்னும் பொருளின் நுண்பளிங்குகள் அடுக்கப்பட்டுள்ளன. அமைதியில் அவை நெருங்கியிருக்கும். கிளர்ச்சியில் இடைவெளி விரியும். அதற்கேற்பத் தெறிக்கும் ஒளியின் நிறமும் மாறும். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர். பச்சோந்திக்கோ அது மேனியெங்கும் தெரிகின்றது. அன்று என் பச்சோந்தி கருத்தபோது தன் துன்பத்தை ஒளியாது உரைத்தது. படிக்கத் தெரியாதவன் யானே.

நண்பரின் மகளுக்கு ஒரு வார்த்தை. வளர்ப்பதாயின், வளர்ப்பிடத்திலே பிறந்த யெமன் நாட்டினத்தையோ மடகாஸ்கர் இனத்தையோ முறையான அனுமதியுடன் பெறுக; காட்டிற் பிடித்ததைப் பெறாதொழிக. நம் நாட்டிலோ, 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் பச்சோந்தியைக் காக்கின்றன. அன்று யாங்கள் அச்சட்டத்தை அறியாதிருந்தோம். அறியாமை அச்செயலைச் சரியாக்காது.

மாணவச் செல்வர்களே, மரக்கிளையில் ஒரு பச்சோந்தியைக் காண நேர்ந்தால், தகரப்பேணியைத் தேடாதீர்கள். சற்றுத் தள்ளிநின்று அதன் நிறத்தைப் பாருங்கள். உங்களைக் கண்டு அது கருக்குமாயின், இன்னும் இரண்டடி விலகுங்கள். நம்மால் இயன்ற பேணுதல் அதுவே.