மருத்துவமனை கட்டுவது வீடு கட்டுவதல்ல!

கிள்ளான் மக்களுக்கு தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் நெரிசலைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. காலையில் எண் எடுத்துவிட்டு, மருந்து வாங்கி வெளியே வர மாலையாகும் அனுபவம் பல குடும்பங்களுக்கு உண்டு. இந்தச் சுமையைக் குறைக்கும் என்ற நம்பிக்கையோடுதான் பக்கத்து ஷா ஆலாமில் 300 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை திட்டமிடப்பட்டது. 2010ஆம் ஆண்டில் முடிய வேண்டிய கட்டடம் 2015ஆம் ஆண்டில்தான் நோயாளிகளை ஏற்றது. இடையில் பலமுறை கால நீட்டிப்பு. கடைசியில் குத்தகையாளரையே மாற்ற வேண்டியதாயிற்று.

பாதியில் நின்ற வேலையை வேறொருவர் தொடர்வது எளிதல்ல. முன்னவர் செய்தது எவ்வளவு, அதில் சரியானது எது, இடித்துத் திரும்பக் கட்ட வேண்டியது எது என்று அளந்து பார்க்கவே மாதங்கள் கரைகின்றன. நாளை ஒரு குறை தெரிந்தால் யார் பொறுப்பு என்பதும் சிக்கலாகிறது.

சரி, மருத்துவமனை கட்டுவதில் அப்படியென்ன சிரமம்? வீட்டில் சுவரும் கூரையும் முக்கியம். நிபுணத்துவ மருத்துவமனையில் சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் ஓடும் குழாய்களும் கம்பிகளுமே உயிர். அறுவை சிகிச்சை அறையில் மணிக்கு 20 முறை காற்று மாற வேண்டும். உள்ளே அழுத்தம் கூடுதலாக இருந்தால்தான் வெளியே உள்ள கிருமி நுழையாது. காசநோயாளியின் அறையில் இதற்கு நேர்மாறாக, உள்ளே அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் அறையின் கான்கிரீட் சுவர் சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் மேல் தடிப்பானது. எம்.ஆர்.ஐ. இயந்திரம் பல டன் எடையுள்ளது. அதை உள்ளே கொண்டுவர வழி விடாமல் சுவரை எழுப்பினால், பிறகு சுவரை உடைக்க வேண்டியதுதான்!

ஆகவே எந்த இயந்திரம் எந்த அறைக்கு என்பதை, அடித்தளம் போடுவதற்கு முன்பே மருத்துவர்களும் தாதியர்களும் பொறியாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். காகிதத்தில் ஒரு கோட்டை மாற்ற அழிப்பான் போதும். கட்டிய பின் மாற்றினால் பணமும் காலமும் விரயம். ஒருவருடைய தாமதம் அடுத்தவரின் தாமதமாகிறது. குழாய் போடாமல் கூரையை மூட முடியாது. கூரையை மூடாமல் இயந்திரத்தைப் பொருத்த முடியாது. சிறு குத்தகையாளர்களுக்குப் பணம் காலத்தில் போய்ச் சேராவிட்டால், ஆட்கள் வேறு இடம் தேடிப் போய்விடுவார்கள். இந்தச் சங்கிலியை அறுபடாமல் காப்பதே திட்ட நிர்வாகியின் வேலை.

அவசரமும் ஆபத்துதான். ஜோகூர் பாருவில் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை 2004ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே பூஞ்சை படர்ந்ததால் மூடப்பட்டது. நோயாளிகள் வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். நம் நாட்டின் காற்றில் ஈரம் அதிகம். குளிர்நீர்க் குழாயின் மேலுறையில் சிறு இடைவெளி இருந்தாலும் அங்கே நீர் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டும். நனைந்த கூரைப் பலகையில் பூஞ்சை முளைக்கும். எதிர்ப்புச் சக்தி இழந்த நோயாளிக்கு அந்தக் காற்றே எமனாகலாம்.

இதனால்தான் சாயம் பூசி முடித்த பிறகும் பல மாதச் சோதனை தேவைப்படுகிறது. மின்சாரத்தை வேண்டுமென்றே துண்டித்து, ஜெனரேட்டர் சில விநாடிகளில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிராணவாயுக் குழாயில் வேறு வாயு கலந்து வருகிறதா என்று ஒவ்வொரு கட்டிலருகிலும் சோதிக்க வேண்டும். வேலை பிந்தியதைச் சரிக்கட்ட இந்தச் சோதனை நாட்களில் கை வைப்பது பெருந்தவறு.

திறப்பு விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டு வேலையை விரட்டுவதும் தவறு. கேட்பாரின்றி ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பதும் தவறு. வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, ஏன் பிந்தியது என்பதை அவ்வப்போது வெளிப்படையாகச் சொன்னால், நோய் முதலிலேயே தெரியும், சிகிச்சையும் எளிதாகும். வரி கட்டும் மக்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. காத்திருப்பவர்கள் அவர்களின் தாய் தந்தையர்தானே!