கருவுற்ற காலத்து மிதமான தைராய்டு குறைபாடு

குருதியில் தைராக்சின் இயல்பாக இருந்து, தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். மட்டும் உயர்ந்திருப்பது மிதமான தைராய்டு குறைபாடு எனப்படும். முதல் 3 மாதங்களில் கரு தாயின் தைராக்சினையே சார்ந்து வளர்வதால், இது குழந்தையின் அறிவுத்திறனைப் பாதிக்குமோ என்ற அச்சம் எழுந்தது.

அமெரிக்காவில் இக்குறைபாடுடைய 677 கர்ப்பிணிகளில் ஒரு பிரிவினருக்கு லெவோதைராக்சினும் மறு பிரிவினருக்கு மருந்தற்ற மாத்திரையும் தரப்பட்டன. 5 வயதில் இரு பிரிவுக் குழந்தைகளின் நுண்ணறிவு ஈவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என 2017இல் வெளியான முடிவு காட்டியது. ஆனால் சிகிச்சை சராசரியாக 17ஆம் வாரத்தில்தான் தொடங்கியது. ஆகவே, முதல் வாரங்களிலேயே தொடங்கினால் பயனுண்டா என்ற கேள்விக்கு இம்முடிவு விடையாகாது.

கோவை உள்ளிட்ட தமிழக நகரங்களில் கர்ப்பிணிகளுக்கு டி.எஸ்.எச். பரிசோதனை செய்யப்படுகிறது. தைராக்சினும் குறைந்திருந்தால் சிகிச்சை கட்டாயம். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.