இரும்பும் இறகும்: ஜெத்ரோ டல்லின் 'ஹெவி ஹார்சஸ்'

ஜெத்ரோ டல் குழுவின் 'ஹெவி ஹார்சஸ்' பாட்டை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனா அதன் தொடக்க வரியைப் பல வருஷமா தப்பாகவே புரிந்துவைத்திருந்தேன். அங்கே குதிரையின் காலில் இரும்பும் இருக்கிறது, இறகும் இருக்கிறது. கனத்த உடம்பு, மிதக்கிற நடை, ஏதோ உவமை சொல்கிறார் போல என்று விட்டுவிட்டேன்.

உவமையே இல்லைங்க அது. ஷயர், கிளைட்ஸ்டேல் இனக் குதிரைகளுக்குக் கணுக்காலிலிருந்து குளம்பு வரை நீளமாக முடி தொங்கும். குதிரை வளர்ப்பவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே 'ஃபெதர்', அதாவது இறகு. இரும்பு என்பது லாடம். கொட்டிலில் புழங்குகிற சொல்லை இயன் ஆண்டர்சன் அப்படியே எடுத்துப் பாட்டில் வைத்திருக்கிறார்.

இது தெரிந்த பிறகு பாட்டு முழுக்க வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. சஃபோக், கிளைட்ஸ்டேல், பெர்ஷரான், ஷயர் என்று நாலு இனங்களின் பெயர் வரும். முன்பு அது காதுக்கு இனிமையான அடுக்கு. இப்போ, யார் யார் மிச்சம் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது போல இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிராக்டர் பெருகப் பெருக, பிரிட்டனின் உழவுக் குதிரைகளுக்கு வேலை போய்விட்டது. சஃபோக் பஞ்ச் இனத்தில் 1966ஆம் ஆண்டு முழுவதும் பதிவான குட்டிகள் ஒன்பதே ஒன்பது! பாட்டு வந்தது 1978இல். வம்சம் அறுந்துவிடாமல் இருக்க உனக்கு ஒரு ஜோடி தேடித் தருகிறேன் என்று அதில் குதிரையிடம் சொல்லும் இடம், அந்த ஒன்பதை வைத்துப் பார்த்தால் வெறும் பாட்டு வரி இல்லை.

பழங்காலம் போச்சே என்ற புலம்பலும் இல்லை. எண்ணெய் வற்றிப்போகும் நாளில் உன் பலத்தைக் கேட்டுக் கெஞ்சி வருவார்கள் என்று குதிரைக்கு வாக்குக் கொடுக்கிறார். 1973இன் எண்ணெய் நெருக்கடி முடிந்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை, கேட்டவர்களுக்குச் சுருக்கென்று இருந்திருக்கும்.

இசையும் உழுகிறது என்பேன். ஏறத்தாழ ஒன்பது நிமிடப் பாட்டு. பியானோவோடு நிதானமாக, ஈர மண்ணில் கால் பதித்து எடுப்பது போல நகரும். நடுவில் வேகம் பிடிக்கும். அங்கே வயலின் வாசிப்பவர் குழுவைச் சேர்ந்தவர் அல்ல, 'கர்வ்ட் ஏர்' குழுவின் டாரில் வே. கிராமத்து ஆட்டம் மாதிரி ஒரு துள்ளல். அது முடிந்து மறுபடி அந்தக் கனத்த நடை வரும்போது, முதலில் கேட்டதைவிட இரண்டு மடங்கு பாரம்.

ஒரு துணைச் சேதி. நிஜ ஜெத்ரோ டல் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து விவசாயி. ஆர்கன் வாத்தியத்தின் ஒரு பாகத்தைப் பார்த்து யோசனை வந்து, 1701 வாக்கில் வரிசையாக விதைக்கும் கருவியைச் செய்தவர். குழுவுக்கு அந்தப் பெயரைச் சூட்டியது கச்சேரி ஏற்பாடு செய்யும் ஏஜென்சியில் இருந்த ஒருவர். வாய்க்கு வந்த ஒரு பழைய பெயர், அவ்வளவுதான். பத்து வருஷம் கழித்து அதே குழு உழவுக் குதிரைகளைப் பாடியது.

அந்தக் கருவியை இழுத்ததும் குதிரைதான்.